உயரம் பரம்பரைதான், மற்றதெல்லாம் வீண் கவலையா?

கேள்வி, மார்ச் 2

என் மகனுக்கு ஐந்தரை வயது. வகுப்பில் உயர வரிசையில் நிறுத்தினால் அவன்தான் முதல் ஆள். நானும் உயரமில்லை, மனைவியும் உயரமில்லை. உயரம், புத்தி, குணம் எல்லாம் ரத்தத்தில் வருவது. சாப்பாடு, தூக்கம், விளையாட்டு என்று எழுதுவதெல்லாம் பெற்றோரைப் பயமுறுத்தத்தான் என்பது என் கருத்து. யாராவது மறுக்கிறீர்களா?

மார்ச் 2, இரவு

பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

உயரத்தில் பரம்பரையின் பங்கு பெரிது என்பதில் சண்டையே இல்லை. போதுமான சாப்பாடு கிடைத்து, அடிக்கடி நோயில் விழாமல் வளர்ந்த மக்களிடையே, ஆளுக்கு ஆள் தெரியும் உயர வேறுபாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபணுவால் வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. 2022-ல் 50 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, உயரத்தோடு தொடர்புடைய 12,000-க்கும் மேற்பட்ட சிறு மாற்றங்களை அடையாளம் கண்டார்கள்.

ஆனால் அந்த 80-க்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லாருக்கும் நல்ல சூழல் கிடைத்துவிட்டால் மிஞ்சி நிற்பது மரபணு வேறுபாடு மட்டும்தான், அதனால் எண் பெரிதாகத் தெரியும். பசியும் நோயும் ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும் இடத்தில் அதே எண் இறங்கிவிடும். அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் மகனின் உயரத்தில் 80 சதவீதம் உங்களிடமிருந்து வந்தது என்று அதற்குப் பொருள் இல்லை.

ஒன்று கேட்கிறேன்: போன ஒரு வருடத்தில் அவன் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தான்?

மார்ச் 3, காலை

ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். சின்னதாக இருப்பது வேறு, வளர்வது மெதுவாகிப்போவது வேறு. முதலாவது பல குழந்தைகளுக்கு இயல்பு. இரண்டாவதற்கு எப்போதும் காரணம் தேட வேண்டும்.

பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர். முதல் வருடத்தில் 25 சென்டிமீட்டர் கூடும், இரண்டாம் வருடத்தில் 12 அளவுக்கு. அப்புறம் வேகம் தணிந்து, நான்கு வயதுக்கு மேல் பருவமடையும் வரை ஆண்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் என்று ஓடும். பருவத்தில் மறுபடி பாய்ச்சல். உச்ச வேகத்தில் ஆண் பிள்ளைகள் ஆண்டுக்கு 9, 10 சென்டிமீட்டர் வளர்வார்கள், பெண் பிள்ளைகளுக்கு அது 8 அளவில், ஆனால் இரண்டு வருடம் முன்னதாகவே வந்துவிடும்.

என் அக்கா மகன் கதையைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் யாரும் உயரமில்லை, அதனால் அவன் சின்னதாக இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. 'அம்மா ஜாடை, அம்மா உயரம்' என்பார்கள். படிப்பு நன்றாகவே போனது. ஓட்டமும் சேட்டையும் குறைந்தபோது பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். சந்தேகப்பட்டது என் அம்மாதான். போன வருஷம் எடுத்த கால்சட்டை இந்த வருஷமும் கணுக்காலைத் தொடுகிறது, செருப்பும் அதேதான் போகிறது, இது சரியில்லை என்று விடாமல் சொன்னார். கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, தைராய்டு சுரப்பி ஏறக்குறைய ஓய்ந்துபோயிருந்தது. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்த்தார்கள். அது அவனுடைய வயதுக்குப் பின்தங்கியிருந்தது, அதாவது வளர இன்னும் இடம் பாக்கி இருந்தது. தினம் ஒரு மாத்திரை. அதற்கடுத்த வருடம் அவனுக்குத் துணி எடுத்துக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவு வேகம்.

தடை நீங்கியதும் உடல் இப்படித் தன் பழைய பாதைக்கு ஓடிப் பிடிப்பதை 1963-ல் பிராடர், டானர், வான் ஹார்னாக் என்ற மூன்று பேர் முறையாக எழுதி வைத்தார்கள். ஓடிப் பிடிக்க முடியும்தான். ஆனால் எலும்பு நீளும் இடங்களான வளர்தட்டுகள் மூடுவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். 'பரம்பரை' என்ற பதில் எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். அது பல நேரம் உண்மை, ஆனால் அதைச் சொன்ன கணத்தில் எல்லாரும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

மார்ச் 3, மாலை

அளக்கும் முறையைக் கேட்டிருந்தார்கள். இரண்டு வயது வரை படுக்க வைத்து, அதற்கு மேல் நிற்க வைத்து. படுத்த அளவு நின்ற அளவைவிட 0.7 சென்டிமீட்டர் கூடுதலாக வரும், அதனால் இரண்டு வயதில் முறை மாறும்போது குழந்தை வளரவில்லை என்று தோன்றினால் பதற வேண்டாம். செருப்பு, சாக்ஸ் கழற்றி, குதிகால் சுவரைத் தொட, பார்வை நேராக. எப்போதும் ஒரே நேரத்தில் அளங்கள், காலையைவிட மாலையில் நாம் எல்லாருமே சற்றுக் குட்டை. மாதா மாதம் அளந்து மனம் உடைய வேண்டியதில்லை. ஐந்து வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

மகனைப் பிறந்தது முதல் அளந்துகொண்டே வந்த அப்பாக்களில் மிகப் பழையவர் பிரான்ஸின் மான்ட்பெய்லார். 1759-ல் பிறந்த மகனை 18 வயது வரை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்தார். அந்த அளவுகளைக் கோடாக வரைந்து, இன்றைய ஒரு பையனின் வளர்ச்சிக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வடிவம் அப்படியே ஒத்துப்போகும்.

மார்ச் 5

'ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு உயரம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சின்னக் குழந்தைகள் விஷயத்தில் இது நிற்காது.

உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. தாய்ப்பால் குடித்த, புகைக்காத அம்மாக்களின், வசதிக் குறைவில்லாத வீட்டுக் குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வயது வரை ஆறு நாட்டுக் குழந்தைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளர்ந்தார்கள். நீள வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு என்பதன் பங்கு 3 சதவீத அளவுதான். மீதியில் பெரும்பகுதி ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை இருக்கும் வித்தியாசம். 2006-ல் வந்த வளர்ச்சி வரைபடம் இதிலிருந்து பிறந்தது. மருத்துவமனை அட்டையில் இருக்கும் அந்த வளைந்த கோடுகள்தான்.

குடும்ப உயரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. அப்பா, அம்மா உயரங்களைச் சென்டிமீட்டரில் கூட்டுங்கள். பையனென்றால் அதோடு 13 கூட்டி, பெண்ணென்றால் 13 கழித்து, இரண்டால் வகுங்கள். வரும் எண்ணுக்கு மேலும் கீழும் எட்டரை சென்டிமீட்டர் வரை இயல்பு. அதாவது ஒரே பெற்றோரின் இரண்டு பையன்களுக்கு நடுவில் 17 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால்கூட இந்தக் கணக்கு தவறாகாது. பரம்பரை தருவது ஒரு எல்லையைத்தான், அந்த எல்லைக்குள்ளேயே இவ்வளவு அகலம் இருக்கிறது.

மார்ச் 6

'பிறக்கும்போது மூன்றரைக் கிலோ, இப்போது கோட்டில் கீழே இறங்கிவிட்டாள்' என்று கவலைப்பட்டவருக்கு.

பிறக்கும் எடையைப் பெருமளவு தீர்மானிப்பது அம்மாவின் கருப்பைச் சூழல். 1938-ல் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் பெரிய இனக் குதிரையையும் குட்டை இனக் குதிரையையும் இரு விதமாகக் கலப்பு செய்து பார்த்தார்கள். தாய் பெரிதாக இருந்தால் குட்டி பெரிதாகவும், தாய் சிறிதாக இருந்தால் குட்டி சிறிதாகவும் பிறந்தது. பிறந்த பிறகு அப்பா பக்க மரபணுவும் தன் பங்கைக் கேட்கத் தொடங்குகிறது. அதனால் முதல் இரண்டு வயதுக்குள் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு ஏறுவதும் இறங்குவதும் நிறையக் குழந்தைகளுக்கு நடக்கும். இரண்டு வயதுக்கு மேல் பருவமடையும் வரை கோடு மாறினால்தான் கேள்வி கேட்க வேண்டும். எடை இறங்குகிறதா, உயரம் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். சாப்பாடு போதாதபோதோ குடலில் சிக்கல் இருக்கும்போதோ முதலில் எடை விழும். ஹார்மோன் குறையும்போது எடை அப்படியே நிற்கும், சில நேரம் கூடும், உயரம் மட்டும் தேங்கும்.

மார்ச் 8

இப்போது சாப்பாடு.

குவாத்தமாலாவின் நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிராமங்களில் புரதம் சேர்ந்த சத்துக் கஞ்சி, மற்ற இரண்டில் புரதமில்லாத ஒரு பானம். கஞ்சி குடித்த குழந்தைகள் அதிகம் வளர்ந்தார்கள், ஆனால் மூன்று வயதுக்குள் குடித்தவர்கள் மட்டும். அதற்கு மேல் குடித்ததில் உயரத்துக்குப் பலனில்லை. பல வருடம் கழித்துத் தேடிப் போனபோது, சிறுவயதில் அந்தக் கஞ்சி குடித்த ஆண்கள் மணிக்கு 46 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். கரு உருவானது முதல் இரண்டு வயது முடியும் வரையான 1,000 நாட்களை எல்லாரும் ஏன் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்க்கவில்லை.

2022 கணக்குப்படி உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 14.8 கோடி பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல், வயதுக்குரிய உயரம் இல்லாமல் இருக்கிறார்கள். இத்தனை பேரின் அப்பா அம்மாவும் குள்ளம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 8, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். சாப்பாடு கொடுத்தால் சரியாகிவிடும் என்ற தொனி வந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் மாறி மாறி வரும் குழந்தைக்குச் சாப்பாடு உள்ளே போனாலும் உடம்பில் ஒட்டாது. அசுத்தத்தில் வளரும் குழந்தையின் குடல் சுவர், வெளியே எந்த நோயும் தெரியாமலேயே புண்பட்டுச் சத்தை உறிஞ்ச முடியாமல் போகலாம்.

அப்படியென்றால் கழிப்பறையும் சோப்பும் குளோரின் கலந்த தண்ணீரும் கொடுத்தால் போதுமே என்று வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் பெரிய ஆய்வுகள் செய்தார்கள். 2018, 2019-ல் முடிவுகள் வந்தன. சுகாதார வசதிகளால் உயரம் கூடவில்லை. கூடுதல் சத்துணவால் கொஞ்சம் கூடியது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். வீட்டு அளவில் செய்யும் சின்ன ஏற்பாடுகள் போதவில்லை, ஊரே சுத்தமானால்தான் குடலுக்கு எட்டும் என்பது பலரின் வாசிப்பு. நானும் அதையே நம்புகிறேன்.

மார்ச் 11

இந்த இழையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று சொல்லத் தோன்றுவது இன்றைய குறிப்பைத்தான்.

1948. போருக்குப் பிந்தைய ஜெர்மனி. எல்சி விடோசன் என்ற ஆங்கிலேய ஊட்டச்சத்து அறிஞர் இரண்டு அநாதை இல்லங்களில், ஒவ்வொன்றிலும் சுமார் 50 குழந்தைகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டுக்கொண்டு வந்தார். இரண்டிலும் ஒரே பங்கீட்டு உணவு. ஆறு மாதம் கழித்து ஓர் இல்லத்துக்கு மட்டும் ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு கூடுதலாகக் கொடுத்து வித்தியாசத்தைப் பார்ப்பது திட்டம். நடந்தது நேர்மாறு. கூடுதல் உணவு கிடைத்த குழந்தைகள் முன்பைவிடக் குறைவாக எடை கூடினார்கள். ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காத குழந்தைகள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள்.

காரணம் தேடியபோது தெரிந்தது இது. முதல் ஆறு மாதம் ஓர் இல்லத்தை நடத்தியவர் மிகக் கடுமையானவர். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துக் குழந்தைகளை எல்லார் முன்னாலும் திட்டுவார், ஒரு குழந்தையாவது அழாமல் சாப்பாடு முடியாது. கூடுதல் உணவு தொடங்கிய அதே சமயத்தில் அவர் அந்த உணவு கிடைத்த மற்ற இல்லத்துக்கு மாற்றலாகி வந்துவிட்டார். உணவு வந்தது, கூடவே அவரும் வந்தார். அவர் தனக்குப் பிடித்த எட்டுக் குழந்தைகளைக் கூடவே அழைத்து வந்திருந்தார். அந்த எட்டுப் பேர் மட்டும் நன்றாக எடை கூடினார்கள். 1951-ல் விடோசன் இதை வெளியிட்டார்.

1967-ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், வீட்டுச் சூழல் சீர்கெட்டிருந்த, வளர்ச்சி ஹார்மோன் குறைந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். வீட்டிலிருந்து பிரித்து வேறு இடத்தில் வைத்ததும் ஹார்மோன் ஊசி எதுவும் இல்லாமலே அவர்கள் வளரத் தொடங்கினார்கள்.

எனக்குத் தெரிந்த வீடுகளில் சாப்பாட்டு நேரம்தான் நாளின் மிகக் கொடிய நேரம். ஒரு கையில் தட்டு, மறு கையில் மிரட்டல். குழந்தை வளர வேண்டும் என்ற கவலையில்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பது புரிகிறது. எங்கள் வீட்டிலும் 'முழுசா சாப்பிட்டாத்தான் எழுந்திருக்கணும்' என்ற சட்டம் இருந்தது. விடோசனைப் படித்த அன்றோடு எடுத்துவிட்டேன். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் கையில், எவ்வளவு என்பது குழந்தையின் கையில். சாப்பாடு அளவில் பெரிய மாற்றமில்லை, வீட்டில் அழுகை குறைந்தது.

மார்ச் 12

புத்தி வளர்ச்சி? கேட்டவருக்கு ஜமைக்காவைச் சொல்கிறேன்.

கிங்ஸ்டன் நகரில் 1986-87-ல், வயதுக்குரிய உயரமில்லாத 129 குழந்தைகள், ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை. சாலி கிரந்தம் மெக்ரெகரின் குழு அவர்களை நான்கு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்குச் சத்துணவு, ஒரு பிரிவுக்கு விளையாட்டு, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு எதுவும் இல்லை. விளையாட்டு என்றால் வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, கையால் செய்த பொம்மைகளை வைத்து, குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டுவார். இரண்டு வருடம். அவ்வளவுதான். 20 வருடம் கழித்து, விளையாட்டுப் பிரிவில் இருந்தவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். சத்துணவு மட்டும் பெற்ற பிரிவில் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை.

இதில் எனக்குப் பிடித்த இடம், பணியாளர் குழந்தைக்குப் பாடம் நடத்தவில்லை என்பது. மாறியது அம்மாவுக்கும் குழந்தைக்கும் நடுவில் நடக்கும் பேச்சு. அவர் போன பிறகும் அது வீட்டில் தங்கியது.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் ஆய்வும் இதே திசைதான். காப்பகத்திலிருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் உயர்ந்தது, இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு இன்னும் நன்றாக. உயரமும் எடையும்கூட ஏறின.

மார்ச் 12, சற்றுப் பிறகு

அயோடினையும் ஈயத்தையும் சொல்ல விட்டுப்போனது. கர்ப்ப காலத்தில் அயோடின் போதாவிட்டால் குழந்தையின் மூளை பாதிக்கும், அயோடின் உப்பு அதைத் தடுக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. பழைய பெயின்ட் உதிரும் சுவர், மலிவான சாயம் பூசிய பொம்மை இரண்டும் குழந்தை வாயில் போகாமல் பாருங்கள்.

மார்ச் 14

'பதினொரு மாதமாகியும் தவழவில்லை, நேராக நிற்கப் பார்க்கிறாள், மூளையில் ஏதாவது?'

முட்டி போட்டுத் தவழாமலே நடந்துவிடும் குழந்தைகள் உண்டு, மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன ஆய்வில் 100-க்கு 4 பேர் அப்படி. பிடிக்காமல் உட்காருவது 4 மாதத்தை ஒட்டி முதல் 9 மாதம் வரை, தனியாக நடப்பது 8 மாதம் முதல் பதினேழரை மாதம் வரை. இந்த அகலத்தைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்தது என்பது ஒரு தகவலே இல்லை. ஆனால் முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை, பேசிய சொல் போய்விட்டது, ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்துகிறாள், கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். குறைமாதத்தில் பிறந்தவள் என்றால் இரண்டு வயது வரை, பிறந்த தேதியிலிருந்து கணக்கிடாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். பாதிக் கவலை அதிலேயே தீரும்.

மார்ச் 15

உயரம் கூட்டும் பவுடர் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நன்றாகச் சாப்பிடும், நலமாக இருக்கும் குழந்தையை அதன் எல்லைக்கு மேல் உயர்த்தும் பவுடர் எதுவும் கிடையாது. அந்தப் பணத்தை வேறெதற்காவது வையுங்கள். தூக்கத்தைக் கவனியுங்கள்: வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13, பகல் தூக்கத்தையும் சேர்த்து.

மார்ச் 19

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எண்களைப் போட்டிருக்கிறார், நன்றி. அப்பா 162, அம்மா 150. கணக்குப்படி பையனுக்கு 162 அளவு வரும். போன பிப்ரவரியில் 101.5, இந்த மார்ச்சில் 105. பதின்மூன்று மாதத்தில் மூன்றரை சென்டிமீட்டர்.

வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு எடுத்த அளவு என்கிறீர்கள், அதனால் ஒரு சென்டிமீட்டர் இப்படி அப்படி இருக்கலாம். அப்படியே இருந்தாலும் ஐந்துக்குக் கீழேதான் நிற்கிறது. இந்த வயதில் ஆண்டுக்கு 5-க்குக் கீழே என்றால் விசாரிக்க வேண்டும், 4-க்குக் கீழே என்றால் தள்ளிப்போடக் கூடாது. 105 என்ற உயரத்தை மட்டும் பார்த்தால் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துகிற எண்தான், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். என் கவலை அந்த மூன்றரையைப் பற்றியது.

பயப்படச் சொல்லவில்லை. பெரும்பாலும் எளிதாகச் சரிசெய்யக்கூடியதாக இருக்கும், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள். பிறந்தது முதல் உள்ள எடை உயர அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், தடுப்பூசிப் பக்கத்துக்குப் பின்னால் எழுதி வைத்திருப்பார்கள். முதலில் அங்கேயே சரியாக அளக்கச் சொல்லுங்கள். தைராய்டு, ரத்தசோகை, குடல், சிறுநீரகம் இவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும் எலும்பு வயது எக்ஸ்ரேயும் தேவையா என்று நீங்களாகவே கேளுங்கள். 'அப்பாவும் அம்மாவும் குள்ளம்தானே' என்று பதில் வந்தால், வருடத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் என்பதைத் திரும்பச் சொல்லிக் கேளுங்கள். பசியின்மை, மலச்சிக்கல், அடிக்கடி தலைவலி, குளிர் தாங்காமை, விளையாட்டில் சீக்கிரம் களைப்பு, இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே எழுதி எடுத்துப் போங்கள், அங்கே உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.

முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.